பின்பாரம்

என் உடம்பைப் பார்த்து வேலை கொடுத்த ஒரே இடம் அந்தமானின் ஃபீனிக்ஸ் பே. மற்ற இடங்களிலெல்லாம் அதே உடம்பைப் பார்த்துத்தான் வேலை இல்லை என்றார்கள். நான் ஏறினால் தோணி ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று தூத்துக்குடியில் என் சொந்தத் தாய்மாமனே என்னைக் கரையில் இறக்கிவிட்டார். "அந்தமான்ல ஆள் தேடுதாவளாம், அங்க போயி உக்காரு" என்றார். மனுஷன் வாய்முகூர்த்தம், வந்த இடத்தில் எனக்கு உட்காருவதே வேலையாக அமைந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கப்பல் அணைகிற ஜெட்டிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு கிடங்கில் நான் தினக்கூலி. கப்பலில் வருவது எதுவானாலும் தலையிலும் முதுகிலும் ஏற்றித்தான் மேட்டுக்குக் கொண்டுபோவோம். இந்தக் கஷ்டத்தைப் பார்த்து மேலிடம் மனம் இளகி, மெயின்லேண்டிலிருந்து ஒரு குட்டி டிராக்டரை அனுப்பிவைத்தது. அதற்கு முன்னால் இரண்டு நீள இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைக் கொம்பு என்போம். பெட்டியைப் பலகைத் தட்டின் மேல் வைத்து, தட்டுக்கு அடியில் கொம்பைச் செருகி, ஒரு கம்பியை இழுத்தால் பாரம் தானாக மேலே போகும். அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் நாள் ஸ்டோர்கீப்பர் தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார். நான் என் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டேன். எந்தப் பக்கத்துக் காவலுக்கும் குறைவில்லை. டிரைவர் கம்பியை இழுத்தார். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. டிராக்டரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. வண்டி பெட்டிக்கு நமஸ்காரம் பண்ணுவதைப் பார்த்து ஜெட்டியே சிரித்தது.

பின்னால் மாட்டுவதற்கென்று ஒரு பெரிய சிமெண்டுக் கல் உண்டாம். அதை மெயின்லேண்டிலேயே விட்டுவிட்டார்கள். "அடுத்த கப்பல்ல வந்துரும்" என்றார் ஸ்டோர்கீப்பர். எங்கள் தீவில் வெங்காயம், மண்ணெண்ணெய், பல் டாக்டர் எல்லாமே அடுத்த கப்பலில்தான் வரும். அவர் கையைப் பிசைந்தபடி சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை என் மேல் வந்து நின்றது.

"ஏம்பா, நீ போய்ப் பின்னாடி உக்காரு."

உட்கார்ந்தேன். சக்கரம் தரைக்கு வந்தது, பெட்டி மேலே போனது. அன்றிலிருந்து நான் அந்த டிராக்டரின் உதிரிபாகம். பாரம் அதிகமானால் கூட இரண்டு பேர் ஏறுவார்கள். இரண்டு பேரும் ஓமக்குச்சி. இருவரையும் சேர்த்து நிறுத்தாலும் என்னில் பாதி தேறாது.

டிரைவர் ராஞ்சிப் பக்கத்து ஆள். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் துடுக்கு. என்னைப் 'பத்தர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவருடைய இந்தியில் அதற்குக் கல் என்று அர்த்தம். இந்த விவரம் தெரியாத என் மனைவி, பத்தர் என்றால் நகை செய்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, "மரியாதையாத்தான் கூப்புடுதாவ" என்று பூரித்துப்போனாள். நானும் அந்தப் பூரிப்பைக் கெடுக்கவில்லை. வீட்டில் ஒருத்தியாவது என்னைத் தங்கம் தொடுகிறவன் என்று நம்பட்டுமே.

அவளுக்கு வேண்டியதெல்லாம் 'பெர்மனன்ட்' என்ற ஒரு சொல். ஞாயிறு பூசையில் அவள் முணுமுணுக்கும் ஜெபத்தில் அதுவும் இருக்கும். நான் பெர்மனன்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். புரோத்ராபூரில் நாங்கள் இருந்த ஓட்டைக் குடிசையைக் கிறிஸ்துமஸுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் அதன் சொந்தக்காரர். மின்னி பேயில் ஊர்க்காரன் ஒருவன் வலை வைக்கிற கொட்டகையைக் காட்டி, "தாராளமா இருந்துக்கோ" என்றான். அவன் தாராளத்தைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இந்த நேரத்தில்தான் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. யார் யாரைப் பெர்மனன்ட் ஆக்குவது என்பதும் அவர் கையில். ஸ்டோர்கீப்பர் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"சாகிப் கண்ணுல பட்டதும் எழுந்து நின்னு சலாம் வைக்கணும். எவனாவது உக்காந்தே இருந்தான்னு வை, அவன் பேரு மேல போகாது. சமஜ் கயா?"

சமஜ் ஆகாமல் என்ன, நன்றாகவே புரிந்தது. அதைவிட எளிய பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது?

அன்றைக்குப் பார்த்து ஒரு ஜெனரேட்டரை ஜெட்டிக்கு இறக்க வேண்டியிருந்தது. யானைக்குட்டி கனம். அந்தச் சரிவில் டிரைவர் எப்போதும் பின்பக்கமாகத்தான் இறங்குவார். பாரம் மேட்டுப் பக்கம் இருந்தால் வண்டி குப்புற விழாது. அன்றும் வண்டியை அப்படித்தான் திருப்பினார். ஸ்டோர்கீப்பர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அறிவிருக்கா? சாகிப் கீழ நிக்கிறாரு. அவருக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டா வருவ? நேரா இறங்கு, சீதா சலோ!"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மரியாதை என்று வந்துவிட்டால் பூமியின் இழுப்பெல்லாம் எம்மாத்திரம்! வண்டி முன்பக்கமாக இறங்கத் தொடங்கியது. ஜெனரேட்டர் முன்னால், நாங்கள் மூன்று பேர் பின்னால், நடுவில் டிரைவர். கீழே ஜெட்டி, ஜெட்டி முடிந்தால் கடல். டிரைவருக்கு நீச்சல் தெரியாது. கப்பலில் வந்தபோது பார்த்த தண்ணீரே அவருக்கு ஆயுசுக்கும் போதும்.

பாதிச் சரிவில் அதிகாரி தென்பட்டார். அவர் தலைக்கு ஒருவன் குடை பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்த ஓமக்குச்சிகள் இரண்டும் பொத்தென்று கீழே குதித்து, விறைப்பாக நின்று சலாம் வைத்தன. பாடத்தை அப்படியே ஒப்பித்த பிள்ளைகள்.

எனக்கு அடியில் வண்டி லேசானது. பின்சக்கரம் தரையை விட்டுவிட்டது. அந்த டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். அது அந்தரத்தில் தொங்கும்போது பிரேக்கை மிதித்தாலும் ஒன்றுதான், ஜெபமாலை உருட்டினாலும் ஒன்றுதான். வண்டி வழுக்க ஆரம்பித்தது. நானும் பாதி எழுந்துவிட்டேன். பொய் சொல்வானேன், வலது கை நெற்றிக்குப் போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் கடல் தெரியவில்லை, குவார்ட்டர்ஸின் தகரக் கூரைதான் தெரிந்தது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பத்தர்! மத் உட்னா பாய்! மை மர் ஜாவூங்கா!"

எழுந்திருக்காதே, செத்துப்போவேன் என்கிறார். மாதாவே என்று நான் மறுபடி விழுந்தேன். உட்கார்ந்தால் மட்டும் போதாது என்று மட்கார்டைப் பிடித்துக்கொண்டு முடிந்தமட்டும் பின்னால் மல்லாந்தேன். கால் இரண்டும் முன்னால் தூக்கிக்கொண்டன. சலாம் எதிர்பார்த்து நின்ற சாகிப்புக்கு என் இரண்டு உள்ளங்கால்களும் தரிசனம் கொடுத்தன. சேறு வேறு. சக்கரம் தரையைத் தொட்டது. பிரேக் பிடித்தது. ஜெனரேட்டர் சாகிப்பின் பூட்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. குடை பிடித்தவன் குடையோடு ஓடிவிட்டிருந்தான்.

டிரைவர் பாரத்தை இறக்கினார். பிறகு அதிகாரி என்னைக் கையால் காட்டி, யார் இவன் என்று கேட்டார். "யே கௌன் ஹை?"

ஸ்டோர்கீப்பர் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்.

"ஆத்மி நஹீ ஹை சாப். பத்தர் ஹை. பத்தர் நஹீ உட்தா."

ஆள் இல்லை ஐயா, கல், கல் எழுந்திருக்காது. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அச்சா" என்றார். அவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டார். என் வேலையும் அன்று தப்பியது.

தப்பியது வேலை மட்டும்தான். டிசம்பர் பிறந்ததும் ஓமக்குச்சிகள் இரண்டும் பெர்மனன்ட். என் பெயர் இல்லை. ஸ்டோர்கீப்பர் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார். "என்ன பண்றதுப்பா, ஆளே இல்லை கல்லுதான்னு சாகிப் முன்னாலயே ஆயிடுச்சு. கல்லை எப்படிப் பெர்மனன்ட் பண்றது?" ஜெட்டி ஓரமாகப் போய் அழுதேன்.

அன்றுதான் என் மனைவிக்குப் பத்தர் என்பதன் அர்த்தமும் தெரிந்தது.

"எந்திரிச்சு ஒரு சலாம் போட்டா இடுப்பா ஒடிஞ்சிரும்?"

"போட்டிருந்தா அந்த ஆள் கடலுக்குள்ள போயிருப்பாருடி."

"அவரு கடலுக்குப் போனா நமக்கென்ன? இப்பம் நாமதான தெருவுக்குப் போறோம்!"

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சட்டி பானையையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சும் என் கழுத்தில் போடுவதுபோலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரைவர் வந்தார், மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு. எதிலும் பட்டுக்கொள்ளாமல் என் மனைவி வாசல்படியிலேயே நின்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது. வந்தவள் நேராக என்னிடம் வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு ஒரு ஓரமாகத் திரும்பி நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ.

குழந்தைக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. என் தொந்தியை மெத்தை என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது.

என் மனைவி அந்தக் குழந்தையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. தட்டுகளை எடுத்துக் கழுவி, அவர்கள் இருவருக்கும் சோறும் மீன்குழம்பும் வைத்தாள். நானும் சாப்பிடலாம் என்று ஒரு கையை ஊன்றினேன்.

"நீங்க எந்திரிக்காண்டாம்" என்றாள். "புள்ள தூங்குது. சோத்த அங்கயே கொண்டாரேன்."