பெட்டி இல்லாத செண்ட்

பரங்கிப்பேட்டை கலைமணியின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடையே போனுக்குள் இருக்கிறது. துபாய் செண்ட் விற்கிறாள். மீன்கூடை தூக்கிய குடும்பத்துப் பெண் செண்ட் விற்கிறாளாம் என்று சொந்தக்காரர்கள் அடித்த கேலி கொஞ்சமா நஞ்சமா? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கியவர்கள் நல்லபடியாகச் சொல்லச் சொல்ல, மெல்ல மெல்ல வளர்த்த கடை.

சரக்கு, பக்கத்து வீட்டு நூருன்னிசாவின் மகன் கொண்டுவருவது. நூருன்னிசாவைக் கலைமணி லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். கூடப்பிறந்த அக்கா மாதிரி. மகன் துபாயில் பெரிய கடையில் வாங்கி, லீவுக்கு வரும்போது எடுத்து வருவான். விமானத்தில் எடை பார்ப்பார்கள் அல்லவா? அதனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்வான். அட்டைப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பாட்டிலை மட்டும் துணிக்குள் சுருட்டி வைப்பான். பில்லும் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும். பளபளவென்று பெட்டியோடு வந்தால்தான், “மெட்ராஸ்ல வாங்குனதா?” என்று இங்கே சந்தேகப்படுவார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு இதெல்லாம் தெரியாது. பெட்டி இல்லை, டூப்ளிகேட் என்று புகார் போட்டார். விற்பனைத் தளம் பில்லைக் கேட்டது. கலைமணி எதைக் காட்டுவாள்? கடையை முடக்கிவிட்டார்கள். எனக்கு அந்தத் தளத்தின் மேல்தான் கோபம். பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். ‘நான் விற்றது போலிதான், இனி அந்த செண்டை விற்க மாட்டேன்’ என்று ஒப்புக்கொண்டு போனில் பொத்தானை அமுக்கினால் கடை திறக்கும். மறுத்தால் ஒரேயடியாக மூடிவிடுவார்கள்.

“ஒத்துக்கிட்டா என்னா இப்போ? அமுக்கி வுடு,” என்றான் கணவன் அன்பரசு. சிப்காட் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான்.

“நல்ல சரக்க நானே போலின்னு சொல்றதா மாமா? லாத்தாவுக்குத் தெரிஞ்சா என்னா நெனைப்பாங்க?”

“அவுங்ககிட்ட யாரு போயி சொல்லப் போறா?”

அழுகையும் ஆத்திரமுமாக அமுக்கினாள். கடை திறந்தது.

அடுத்த வாரம் நூருன்னிசா ஒரு பெரிய பையோடு வந்தாள். மகன் லீவில் வந்திருந்தான். பைக்குள் அதே செண்ட், அத்தனையும் பெட்டியோடு, பில்லோடு.

“கடைய முடக்கிட்டாங்கன்னு கேட்டதுலேர்ந்து அவனுக்கு மனசே ஆறல. புள்ளைக்கு வாங்குன பொம்மைங்களக்கூட அங்கயே வச்சிட்டு இத எடுத்தாந்திருக்கான்மா. இனிமே எவன் போலின்னு சொல்றான், பாப்பம்.”

கலைமணிக்கு மறைக்க மனசு வரவில்லை.

“நாந்தான் லாத்தா சொல்லிட்டேன்,” என்றாள்.