அளவு சொல்லாத நோட்டீஸ்

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் திருச்சினாப்பள்ளி பெரிய கடைவீதியில் முப்பது வருஷமாக எண்ணெய்க்கடை நடத்துகிறேன். சுத்தத்தில் என் நல்லெண்ணெயை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கர்வத்தில், போன தீபாவளிக்கு யாரையும் கேட்காமல் நானே வாசகம் சொல்லி நோட்டீஸ் அச்சடித்தேன். “பாத்திரத்தோடு வருகிறவர்களுக்கு நல்லெண்ணெய் இனாம்.” ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்பது என் மனசில் இருந்தது, காகிதத்தில் இல்லை.

விடிந்ததும் குடமும் அண்டாவுமாகக் கூட்டம் வந்துவிட்டது. நான் ஆழாக்கை எடுத்ததும் முன்னால் நின்றவர் கத்தினார். “என்னங்கம்மா, தாளிக்கவா கூப்பிட்டீங்க? அண்டா நிறைய ஊத்துங்க!”

“விட்டா கடையையே கேப்பீங்க போலிருக்கே!” என்றேன்.

அவ்வளவுதான். பின்னாலிருந்தவர்கள் நெட்டித் தள்ளினார்கள். ஒருவன் பித்தளைக் குடத்தால் இன்னொருவன் மண்டையைப் பிளந்தான். பீப்பாய் கவிழ்ந்தது. எண்ணெயில் வழுக்கி விழுந்தவர்களை மற்றவர்கள் மிதித்தார்கள். நிறைமாதமாயிருந்த என் மருமகள் சுவரோரம் நசுங்கி, “அத்தே, வயிறு!” என்று அலறினாள். நான் இரும்புக் கரண்டியால் எதிர்ப்பட்ட கைகளையெல்லாம் அடித்து வழி செய்து, அவளை உள்ளே இழுத்துத் தாழ்போட்டேன். என் இடது கை முறிந்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. பதினோராம் நாள் அவளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று.

இப்போதும் நோட்டீஸ் போடுகிறேன். அச்சாபீசுக்குக் கொடுக்குமுன் எங்கள் தெருவிலேயே பெரிய சண்டைக்காரியான செல்லம்மாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறேன். “இதை வச்சு என்கிட்ட என்னடி கேப்பே?” என்று கேட்கிறேன். அவளுக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சாமல் போகும்வரை திருத்திக்கொண்டே இருக்கிறேன்.