அட்டைக் காசோலையின் மறுமுனை

பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன எங்கள் ஊரில், கறி தின்னாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்புக் கூடத்தில் மீன் பொரித்து விற்போம். வரும் பணத்தில் ஊர்ப்பிள்ளை ஒருவருக்குப் படிப்பு உதவி. பதினெட்டு வருடமாக எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவள் நான். ரெனாட்டா ஹுடாக்கை ஊர் என்ன செய்தது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ரெனாட்டாவின் அம்மா கேரல், முதியோர் இல்லத்தில் துணி வெளுப்பவள். அவள் குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஊர்தான் அந்தப் பேச்சை இன்னும் விடவில்லை. மகள் கெட்டிக்காரி. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. செலவில் பெரும்பகுதியைக் கல்லூரியே உதவித்தொகையாகத் தந்தது. குடும்பம் கட்ட வேண்டியது வருடத்துக்கு நாலாயிரம் டாலர். அதைக் கட்டாவிட்டால் படிப்பு இல்லை. கடன் கேட்ட இடத்திலெல்லாம் கேரலின் பழைய கடன் பாக்கியைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தத் தவக்காலத்தில் கை கொப்புளிக்கப் பொரித்தோம். நாலாயிரம் சேர்ந்தது. எனக்கே அழுகை வந்தது.

"பணத்தை அந்தப் பொண்ணு கையிலயே குடுத்துடலாமே" என்றேன்.

உதவிக் குழுவின் தலைவர் எட் ட்ரோசோ சிரித்தார். "அந்த வீட்டுலயா? கேரல் ஒரே வாரத்துல பாட்டில் பாட்டிலா இறக்கிடுவா. நேரா காலேஜுக்கே அனுப்புறேன்."

கேரல் பக்கத்தில்தான் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவளவு அட்டையில் காசோலை எழுதி, ரெனாட்டாவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். நிஜக் காசோலை கல்லூரிக்குப் போனது.

கோடையில் ஒருநாள் கேரல் என் அடுப்படிக்கு வந்து, கைபேசியை மேஜைமேல் வைத்து, நானும் கேட்கும்படி கல்லூரி அலுவலகத்துக்குப் பேசினாள்.

"வெளியிலேருந்து நாலாயிரம் வந்திருக்கு மேடம். அதனால நாங்க குடுக்குறதுல நாலாயிரம் குறைச்சிருக்கோம்" என்றான் ஒருவன், வெகு மரியாதையாக.

"அப்ப எங்க நாலாயிரம் சார்?"

"அது குடும்பத்தோட பங்கு. அது அப்படியேதான் இருக்கும்."

"ஊரே சேர்ந்து எம்பொண்ணுக்குக் குடுத்த காசு சார் அது!"

"ரொம்ப நல்ல ஊரு மேடம்."

நாங்கள் பொரித்த மீனையெல்லாம் கல்லூரி தின்று ஏப்பம் விட்டது. ட்ரோசோவிடம் போய்ச் சொன்னேன்.

"குடுத்தது குடுத்ததுதான். பேப்பர்ல படம்கூட வந்தாச்சு. இன்னும் வேணும்னு கேக்குறதா? என்ன ஜென்மமோ!" என்றார்.

ரெனாட்டா கல்லூரிக்குப் போனாள். இரவெல்லாம் உணவகத்தில் தட்டுக் கழுவி ஒரு பருவத்தை ஓட்டினாள். பங்கு பாக்கி நின்றதால் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய விடவில்லை. ஜனவரியில் பெட்டியோடு வந்து இறங்கி, அம்மாவுடன் துணி வெளுக்கப் போனாள். 'நாலாயிரம் குடுத்தோம், ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கல' என்று தபால் நிலையத்தில்கூடப் பேசினார்கள். நான் மறுத்துச் சொன்னால், கணக்குப் புரியாத கிழவி என்றார்கள்.

அடுத்த தவக்காலம். இந்த முறை பல் மருத்துவரின் மகள் டெஸ்ஸாவுக்கு. அதே அட்டை, பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ரெனாட்டாவை ட்ரோசோ கூப்பிட்டார். "வாம்மா, போன வருஷத்துக்காரி, மறுமுனையைப் பிடி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். அட்டைக்குப் பின்னால் டெஸ்ஸாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "காலேஜுக்கு அனுப்ப விடாதே. அவங்க தர்றதுல கழிச்சுடுவாங்க. கையில கேளு."

"எங்களுக்கு அவங்க எதுவும் தர்றதில்ல. அப்பாதான் கட்டுறாரு" என்றாள் டெஸ்ஸா. பிறகு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள். "எல்லாருக்கும் நன்றி. சில பேர் மாதிரி நான் பாதியில ஓடி வரமாட்டேன்."

கூடமே கைதட்டிச் சிரித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் கேரலும் தட்டினாள்.

படம் எடுப்பவன் இன்னொன்று எடுக்க வேண்டும் என்றான். ரெனாட்டா தன் முனையை விடவில்லை.