பஞ்சாரத்துக்குள் இருந்து பார்த்த முகங்கள்

கோழிகளை மூடிவைக்கும் மூங்கில் பஞ்சாரத்துக்குள் நான் ஒரு மாதம் குடியிருந்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆறு வயதில் அவ்வளவு சிறிதாக இருந்தேன் என்பதை இப்போது என்னாலேயே நம்ப முடியவில்லை.

என்னை அதற்குள் உட்காரவைத்தவர் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் வாழைப்பழம் விற்றார். யுத்த காலம் அது. பஸ்ஸே அடுப்புக்கரியில் ஓடியது. மரத்தடிக்கு வந்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடும். கரி அள்ளிப் போட்டு அது மறுபடி உயிர் பெறுவதற்குள் பிரயாணிகள் இறங்கி நிழலுக்கு வருவார்கள். மாமா அவர்களுக்காகவே காத்திருப்பார்.

குமுளிப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு மலையாளத்து வித்தைக்காரரிடம் அவர் கற்றுவந்த வித்தை இது. அம்மாவின் தையல் ஊசியைப் பழத்தோலில் செருகி, உள்ளேயே இப்படியும் அப்படியும் அசைப்பார். தோல் முழுசாக இருக்கும். உள்ளே பழம் துண்டாகியிருக்கும். மூன்று, நான்கு, ஐந்து துண்டுப் பழங்களைத் தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொள்வார்.

“அண்ணாச்சி, இந்தப் பழத்த எத்தன துண்டாப் போடணும்?”

“பத்து.”

“பத்துன்னா பஞ்சாமிர்தமாப் போயிரும். கொறச்சுச் சொல்லுங்க.”

நாலு என்பார் அவர். மாமா விரலால் காற்றை மூன்று தரம் வெட்டி, நாலு துண்டுப் பழத்தை எடுத்துக் கொடுப்பார். உரித்தவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் அதைப் பார்ப்பதுதான் என் வேலை. “ஆத்தா, பாத்தத அப்படியே ஒங்க அத்தைக்குச் செஞ்சு காட்டணும். ஒரு கண் சிமிட்டுகூடக் கொறயக் கூடாது” என்று சொல்லித்தான் தினமும் பஞ்சாரத்தை என்மேல் கவிழ்ப்பார்.

அத்தை, அப்பாவின் தங்கை. பதினெட்டு வயதில் தாலியைப் பறிகொடுத்துத் திரும்பி வந்திருந்தாள். ஒரு வருஷம் உள்ளறை மூலையை விட்டு எழுந்து வரக்கூடாது. வேற்று ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அத்தை பேச்சை விட்டாள், பிறகு சோற்றையும் விட்டாள். “இப்படியே போனா அவ தங்கமாட்டாடா” என்று அம்மா மாமாவிடம் அழுத மறுநாள்தான் எங்கள் வீட்டுப் பஞ்சாரம் காணாமல் போனது.

பஞ்சாரத்துக்குள் பகல் வேறு மாதிரி இருக்கும். வெயில் சின்னச் சின்னக் கட்டங்களாக என் பாவாடையில் விழுந்து, காற்றடிக்கும்போது எல்லாமும் சேர்ந்து நகரும். தூரத்து மேகமலை துண்டு துண்டாகத் தெரியும். மனிதர்களும் அப்படித்தான்: ஒரு ஓட்டையில் மீசை, இன்னொன்றில் மூக்குத்தி. பழைய கோழி வாசனையில் கண் சொருகிவிடும். நான் வீட்டுக்குக் கொண்டுபோன முகங்களில் எத்தனை கண்டவை, எத்தனை கனவில் வந்தவை என்று இன்றுவரை தெரியாது.

ஒருநாள் தும்மிவிட்டேன். “உள்ள என்ன, கோழியா?” என்றார் ஒருவர். “அடக்கோழி. கிட்டப் போகாதீக, கொத்தீரும்” என்றார் மாமா. அந்த மனிதர் நாலடி தள்ளி நின்றே பழம் தின்றார்.

அதைச் செய்துகாட்டிய சாயங்காலம் அத்தை சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அன்று ரெண்டு கவளம் சாப்பிட்டாள். மறுநாள் மாமா பஞ்சாரத்தைத் தூக்கியதும் “எந்த மூஞ்சிக்குச் சிரிச்சா?” என்று கேட்டார். அவர் தினமும் கேட்டது அது ஒன்றைத்தான்.

பிறகு ஒருநாள், பழத்தை உரித்துவிட்டு “எந்தா இது!” என்று குடையைப் போட்டுவிட்டு ஓடிய மலையாளத்துக்காரரை நான் நடித்து முடித்தபோது, அத்தை சிரிக்கவில்லை. பாயைக் கீறிக்கொண்டே கேட்டாள்.

“அந்நேரம் ஒங்க மாமா மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

 அத்தனை நாளில் நான் மாமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் இருவருக்கும் கட்டிக்கொள்ளும் முறை இருந்ததும், பேச்செடுத்தபோது அப்பாதான் ஆகாது என்று வேறிடத்தில் கொடுத்ததும், பல வருஷம் கழித்து என் காதுக்கு வந்த செய்திகள். தாலியறுத்தவளுக்கு மறுபடி தாலி கட்டும் வழக்கமும் எங்களுக்குள் கிடையாது. ஆறு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வேலையில் ஒரு குறை வைத்துவிட்டேன் என்பது மட்டும்தான்.

மறுநாள் மாமாவை மட்டும் பார்த்தேன். பழம் துண்டு துண்டாக விழுந்தது, பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என் பஞ்சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே இருப்பது வேறு யாரோ என்பதுபோல. உதடு சிரித்தது. கண்கள் மட்டும் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றன.

அந்த முகத்தைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து அத்தையின் முன் உட்கார்ந்து வைத்துக் காட்டினேன். அத்தை என் கன்னங்களை இரு கைகளாலும் பிடித்தாள்.

“அப்படியே இரு. மாத்திராத.”

கன்னம் வலித்தது. மாற்றவில்லை. அத்தை என் புருவத்தைத் தடவினாள், உதட்டோரத்தைத் தடவினாள். சோற்றுத் தட்டோடு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அன்று அத்தை தட்டைக் காலி செய்தாள்.

மறுநாள் பஞ்சாரத்துக்குள் கோழிகள் இருந்தன. மாமாவை அம்மாவே குமுளிக்கு அனுப்பிவைத்தாள். எல்லாம் நன்றாகத்தானே செய்தேன் என்று தரையில் புரண்டு அழுதேன். அத்தனை அழுகையிலும் ஒரு பெருமை இருந்தது. அத்தை என்னைக் கொஞ்சினாளே, என் முகத்தை அவ்வளவு நேரம் தடவினாளே என்று.