அப்பாவுக்கு ஒரு நினைவுப் பெட்டி

புதன்கிழமை மதியம் இரண்டே முக்கால் ஆனால் நான் இங்கிலாந்தின் பழைய காலத்து மனுஷியாகிவிடுவேன். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி, இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யுத்தம் முடிந்தும் பல வருஷம் மிட்டாய்க்கு ரேஷன் இருந்தது, ராணிக்கு முடி சூட்டிய அன்று மழை கொட்டியது, டெலிவிஷன் இருந்த ஒரே வீட்டில் தெருவே போய் உட்கார்ந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சம்பளத்துக்குத்தான். இங்கிலாந்தில், மறதி நோய் வந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் நான் நர்ஸ். வாரம் ஒரு நாள் ஒரு மரப்பெட்டியைத் திறந்து, அவர்களுடைய சின்ன வயசுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்க வேண்டும். ரேஷன் புத்தகம், கோகோ டப்பா, தார் வாசம் அடிக்கும் சோப்பு, பழைய விலைப்பட்டியல். தன் பிள்ளையின் பெயர் தெரியாதவர்கள்கூட அந்த சோப்பை மோந்து பார்த்துவிட்டு அரைமணி நேரம் பேசுவார்கள்.

எங்கள் இல்லத்தில் மார்கரெட் என்று ஒரு பாட்டியம்மாள். அவளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். நானும் அவளும் ஒன்றாக மிட்டாய்க்கு வரிசையில் நின்றவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "உங்கள் தெருவில் யார் வீட்டில் டெலிவிஷன் இருந்தது?" என்று கேட்டாள் ஒருநாள். "எதிர்வீட்டில்" என்றேன். பொய் இல்லை. சத்துவாச்சாரியில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கப் போவோம். அவள் சொன்ன வருஷத்துக்கும் நான் சொன்ன வருஷத்துக்கும் நடுவில் முப்பது வருஷம் இருக்கிறது. அவளுக்கு அது பெரிய விஷயமில்லை. "வீட்டுக்காரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாளா?" என்றாள். "ஆமாம்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

இப்படி ஊரான் அப்பா அம்மாவுக்கெல்லாம் ஞாபகம் கொண்டுவந்துகொண்டிருந்த எனக்கு, என் அப்பா ஒருநாள் வீடியோ காலில் "வணக்கங்க, நீங்க யாருங்க?" என்றார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி சாமுவேலுடன் சத்துவாச்சாரி வீட்டில் இருக்கிறார். தம்பி போனைத் தன் பக்கம் திருப்பி, "அக்கா, மனசுல வச்சுக்காத. எங்கிட்டயே நேத்து எந்த ஸ்கூல்ல படிக்கிறேன்னு கேட்டாரு" என்றான். மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது? இருபத்திரண்டு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், அங்கே ஒரு மனிதர் எனக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரே ஒரு தடவை "எஸ்தரு" என்று கூப்பிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அதுவும் நடக்காது என்று மற்றவர்கள் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது, ஏனென்றால் எனக்கு வழி தெரியும் என்று நினைத்தேன். அவருக்கும் ஒரு பெட்டி தயார் செய்துகொண்டு மூன்று வாரம் லீவில் போவது என்று முடிவெடுத்தேன்.

பெட்டிக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதுதான் எங்கள் வேலை முறை. சின்ன வயசில் எந்த வீடு, காலையில் என்ன சாப்பாடு, கையில் காசு கிடைத்தால் என்ன வாங்குவார், எந்தச் செய்தியைக் கேட்டு ஊர் பதறியது, வீட்டில் என்ன வாசம் அடிக்கும். மார்கரெட்டுக்கு இத்தனையையும் நான் பார்க்காமல் எழுதுவேன். அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவர் கதை எப்போதும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டால், "அதுக்கு முன்ன நான் பொறக்கவே இல்ல, போ" என்பார். "உங்க காலத்துல இட்லி எவ்ளோப்பா?" என்றால் "அரையணா" என்று ஒரு வார்த்தை வரும், உடனே ரூபாய்க்கு எத்தனை அணா, அதை நயா பைசாவில் எப்படி மாற்றுவது என்று கணக்குப் போட வைத்துவிடுவார். நாங்களும் தப்பித்தால் போதும் என்று ஓடிவிடுவோம். ஆலங்காயத்தில் இருக்கும் சாந்தா அத்தை வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது ஆம்பூர் வரும் முன்பே, தோல் பதனிடும் நாற்றத்துக்கு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அவர் மட்டும் பொத்த மாட்டார். எங்களையும் திட்ட மாட்டார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் அப்பாவுக்கு எவ்வளவு தைரியம் பார் என்று நானும் தம்பியும் பேசிக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை சந்தன சோப்புப் போட்டுக் குளிப்பார். தோல் செருப்பு போட்டதே இல்லை, ஹவாய் செருப்புதான். முதல் சம்பளத்தில் நான் வாங்கிக்கொடுத்த பெல்ட்டை யாருக்கோ கொடுத்துவிட்டார். வாத்தியார் என்றால் இப்படித்தான் சுத்தமாக இருப்பார் போல என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் சாந்தா அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் ஒரே தங்கை. சின்ன வயசைப் பற்றிக் கேட்டதும், "இன்னாத்துக்கும்மா இப்போ அதெல்லாம்?" என்றாள். அழுதேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுகை வந்தது. அத்தை கொஞ்சம் இறங்கினாள். "அண்ணன் ஆம்பூர்ல தோல் பதம் பண்ற ஷாப்புக்கு வேலைக்குப் போச்சும்மா. ஒம்பது பத்து வயசு இருக்கும். விடிகாலம் போயி சுண்ணாம்புத் தொட்டியாண்ட தோல் பொரட்டிட்டு, அப்புறந்தான் பள்ளிக்கோடம். நாலணா குடுப்பாங்க. அரிசி ரேஷனு அப்போ, அந்தக் காசுலதான் களி கிண்ட கேவுரு வாங்குவோம். இதுக்கு மேல கேக்காத." நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாசம் கிடைத்துவிட்டதே! படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கும்: இவரிடம் எதைப் பற்றிப் பேசக் கூடாது? புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் இதை விட்டுவிடாதே என்று சொல்லிக்கொடுப்பவள் நான். என் அப்பாவுக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

ஊருக்குப் போய் முதல் வாரம் பழைய நாணயங்களைக் கையில் கொடுத்தேன். ஓட்டைக் காலணாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுதுங்களா? பத்திரமா வச்சுக்குங்க" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பழைய சினிமாப் பாட்டுப் போட்டேன், தூங்கிவிட்டார். பழைய செய்தித்தாள் நகல்களைக் காட்டினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். சரி, இனி அந்த வாசம்தான் என்று ஆம்பூருக்குப் போனேன். இப்போதெல்லாம் பெரும்பாலும் மெஷின், ரசாயனம். விசாரித்து விசாரித்து, இன்னும் மரப்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறவைக்கும் ஒரு சின்ன ஷாப்பைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்த மேஸ்திரி, "இன்னா மேடம், பேக் தெக்கவா?" என்றார். "இல்லைங்க, எங்கப்பா மோந்து பாக்க" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். தொட்டியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டார். "வீட்டுல வாசனை ஜாஸ்தியா இருக்கும், ஜன்னலத் தொறந்து வச்சுக்குங்க" என்றும் சொன்னார்.

மறுநாள் மதியம் அப்பா ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பையை அவிழ்த்தேன். அவர் மூக்கு முதலில் அசைந்தது. அப்புறம் கண். அந்தக் கண்ணில் ஆள் வந்துவிட்டார். மார்கரெட்டிடம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும், அது வருகிற விதம். கர்த்தாவே, ஸ்தோத்திரம் என்று உள்ளுக்குள் கத்தினேன். அப்பா எழுந்தார். முட்டி வலிக்காரர், யாரும் பிடிக்காமல் எழுந்தார். நாற்காலியை விட்டு நகர்ந்து நகர்ந்து வாசல் ஓரம் போய் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"குளிச்சிட்டுதான் வந்தேன் டீச்சர்" என்றார் என்னைப் பார்த்து. "கெணத்தாண்ட ரெண்டு வாட்டி குளிச்சேன். சோப்பு இல்ல டீச்சர், சீக்காத் தூளு போட்டு நல்லா தேச்சேன். நான் பெஞ்சுல ஒக்காரல. இங்கயே நிக்கிறேன். பாடம் மட்டும் கேட்டுக்கிறேன் டீச்சர்."

தம்பி பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தான். "இன்னாக்கா பண்ண? நல்லா இருந்தவர இன்னா பண்ண?" பையைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் எறிந்துவிட்டு வந்தேன். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அப்பா, நான் உங்க பொண்ணு, எஸ்தர், என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன். ஆனால் பெண் என்று சொன்னால் அவர் எங்கே உட்காருவார்? அவருக்கு அந்த நேரத்தில் மகள் தேவைப்படவில்லை, உள்ளே விடுகிற ஒரு டீச்சர்தான் தேவைப்பட்டாள். "உள்ள வா" என்றேன். "முன் பெஞ்சுல ஒக்காரு." அவர் நம்பவில்லை. "முன்னாடியா டீச்சர்? பசங்க இன்னா சொல்லுவாங்க?" என்றார். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இருக்கேன்" என்றேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. நான் அந்தக் கைகளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, இரண்டையும் என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தன சோப்பு வாசம்தான் அடித்தது.

இங்கிலாந்தில் உள்ளவர்களுக்கும் அந்தக் காலம் கஷ்டமான காலம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரிசை என்றால் தெருவே நின்ற வரிசை. ராணிக்கும் ரேஷன் புத்தகம் உண்டு என்று மார்கரெட் பெருமையாகச் சொல்வாள். அதனால் பெட்டியைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் அப்பா மேல் ஒட்டிய வாசம் அவரோடு படித்தவர்கள் எல்லோர் மேலும் ஒட்டவில்லை. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ அவருக்கு எழுபது வருஷம் ஆனது. மறதி நோய் மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாலும் அந்த ஒன்றையாவது சேர்த்து எடுத்துக்கொண்டதே என்று அத்தை நிம்மதியாக இருந்திருக்கிறாள். நான்தான் பிளாஸ்டிக் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். பாவி நான், வேறென்ன சொல்ல?

மிச்சம் இருந்த பத்து நாளும் நான் டீச்சராகவே இருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து, கையை நீட்டிக் காட்டுவார். நகம் பார்ப்பேன். "சுத்தம்" என்பேன். அப்புறம்தான் டிபன். எட்டாம் வாய்ப்பாடு தப்பில்லாமல் ஒப்பிப்பார். தம்பி முதலில் கோபப்பட்டான், பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பித்தான். கிளம்புகிற அன்று அப்பா என்னிடம் அழவில்லை. டீச்சருக்கு லீவு என்று சொல்லி வைத்திருந்தோம்.

இப்போது தினமும் வீடியோ காலில் வகுப்பு நடக்கிறது. இங்கே எனக்கு மதிய இடைவேளை, அங்கே சாயங்காலம். கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இல்லத்தின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வேன். போன வாரம் வாய்ப்பாடு முடிந்ததும், "டீச்சர், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். இந்த ஊர்ப் பெயரைச் சொல்வதா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். பிறகு, "சத்துவாச்சாரி" என்றேன்.

அப்பா யோசித்தார். கடன் வாங்கி, செங்கல் செங்கலாகத் தானே நின்று கட்டிய வீட்டின் ஹாலில் உட்கார்ந்துகொண்டு யோசித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் நானும் தம்பியும் ஞானஸ்நானம் எடுத்த போட்டோ தெரிந்தது.

"அது எங்க இருக்குது டீச்சர்? ரொம்ப தூரமா?" என்றார்.

"தூரம்தாம்ப்பா" என்றேன்.