தொரை வெளியே போகும் நேரம்

பழனிமுத்து புறங்கையால்தான் சாக்கைத் தொட்டுப் பார்ப்பார். சாதிக்காய் உடைத்து உடைத்து உள்ளங்கை மரத்துப் போயிருந்தது, ஈரம் தெரியாது. விடிந்ததும் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, மெல்லத் தரையில் உட்கார்ந்து, கூண்டுக்குள் கையை விடுவார். நனைந்திருந்தாலும் முகம் மாறாது. "தொர நேத்து தண்ணி கொஞ்சம் கூடக் குடிச்சிட்டாரு" என்பார்.

தொரை என்பது இரண்டு மாத நாய்க்குட்டி. பலாபத்வல பஸ் நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போனதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வீடோ ஒரே அறை. ஐந்து மணிக்கு எழுந்து தையல் தொழிற்சாலைக்கு ஓடும் அவர் மனைவி விஜிதாவுக்கு அந்த மூத்திர வாடையிலேயே பொழுது விடிந்தது. "ஞாயித்துக்கெழம அண்ணன் வந்து இத அவரு ஊரு பல்லேபொலைக்குக் கொண்டு போவாரு, சொல்லிட்டேன்" என்றாள்.

 பழனிமுத்து, குட்டி படுக்கும் பழைய கோழிக்கூண்டின் நடுவே பலகை செருகிப் பாதியாக்கினார். "பெரிய பங்களா குடுத்தா ஒரு மூலையக் கக்கூஸாக்கிடுறாரு. படுக்கிற எடம் மட்டும் இருந்தா யோசிப்பாரு." மாலை ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவார். நனைந்த சாக்கை, ஊறுகாய்க்கு வைத்திருந்த வினாகிரி ஊற்றி அலசுவார். பழைய வாடை இருந்தால் குட்டி அங்கேயே போகுமாம்.

ஒரு காலை விஜிதா குட்டியின் கழுத்தைப் பிடித்து, ஈரச் சாக்கில் மூக்கைத் தேய்க்கப் போனாள். "இப்பிடிச் செஞ்சாத்தான் புத்தி வரும்."

"எனக்கு நனைஞ்ச அன்னைக்கு நீ ஒரு வார்த்த சொன்னியா விஜி?"

அவள் கை நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர் அவர். ஒரு கோலை ஊன்றி நடக்கிறார். ஆனால் சிறுநீர் முட்டுவது மட்டும் அவருக்குத் தெரியாது. கடிகாரம் பார்த்துத்தான் போகவேண்டும். இரவு பத்து, ஒன்று, நான்கு என்று போனில் அலாரம். அது தவறிய காலைகளில் விஜிதா சத்தமில்லாமல் விரிப்பை எடுத்துத் துவைத்துவிடுவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இப்போதுதான் முதல்முறை.

அன்றிரவு அவள் தூங்காமல் கவனித்தாள். அலாரம் அடித்தது. ஒரு கையில் கோல், சட்டைக்குள் குட்டி. வாசல் பலாமரத்தடியில் இறக்கிவிட்டு, "தொர, நேரமாச்சுங்க" என்றார். நான்கு மணிக்கும் அதேபோல. பனியில் நின்று, ஒரு நாய்க்குட்டிக்காகக் குரலை இத்தனை தாழ்த்தும் மனிதனோடா இருபது வருடம் குடித்தனம் நடத்தினோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"நாய்க்காக ராவெல்லாம் எந்திரிக்கிறீங்களே?"

"நா எனக்காகத்தான் எந்திரிக்கிறேன். போறப்போ அவரையும் கூட்டிக்கிறேன், அவ்வளவுதான்."

சனிக்கிழமை மாலை மழையோடு கரண்ட் போனது. போனில் சார்ஜ் தீர்ந்தது யாருக்கும் தெரியாது. ஒரு மணி கடந்தும் வீடு தூங்கியது.

முதலில் ஒரு முனகல். பிறகு கம்பியில் நகம் கீறும் சத்தம். இதுவரை ஒருநாளும் கேட்டு எழுப்பாத குட்டி, இப்போது விடாமல் அழுதது. பழனிமுத்து திடுக்கிட்டு எழுந்தார். தன் விரிப்பைத் தடவினார், காய்ந்திருந்தது. கோலை எடுத்துக்கொண்டு குட்டியோடு வெளியே விரைந்தார்.

விஜிதா டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். சொட்டுகிற பலாமரத்தடியில் அந்தப் பக்கம் குட்டி. இந்தப் பக்கம், அவளுக்கு முதுகு காட்டி அவர்.

"விஜி, இன்னைக்கு இவருதான் என்னையக் கூட்டிக்கிட்டு வந்தாரு."

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். 

"விடிஞ்சதும் அண்ணனுக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடுறேங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, இருவர் மேலும் விழாதபடி டார்ச் வெளிச்சத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.