பெயர் இழந்த சேனலின் அறிவிப்பாளர்

டெரெக் சார் இறந்துவிட்டார். இங்கிலாந்திலிருந்து அவர் தங்கை மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். முதியோர் இல்லத்தில், தூக்கத்திலேயே...

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் துபாயில் ஒரு டிவி சேனலில் நான் சவுண்ட் டெக்னீஷியன். அவர் ஆங்கில அறிவிப்பாளர். அதற்கு முன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு வட்டார சேனலில் பல வருடம் இருந்தவர்.

அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனியார் சேனலாம். தனிப் பெயர், தனி இசை, உள்ளூர் செய்தி. "கடைக்குப் போனா, 'என்ன டெரெக், இன்னைக்கு என்ன படம்'னு கேப்பாங்க" என்பார்.

பிறகு பெரிய கம்பெனி சின்னதை வாங்கியது. அதை இன்னும் பெரியது வாங்கியது. லண்டனிலிருந்தே அறிவித்தால் போதும் என்று இவரை அனுப்பிவிட்டார்கள். மனைவியும் அப்போது உயிரோடு இல்லை. தனியாக துபாய் வந்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து தங்கைக்கு போன் போட்டார். அன்றோடு அவருடைய சேனலின் பெயர் போகிறது. இனி எல்லா ஊருக்கும் ஒரே பெயர். தங்கை ரிசீவரை டிவி அருகில் பிடிக்க, இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

விளம்பரம் ஓடியது. "இப்பச் சொல்லுவாங்க" என்றார்.

அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

"கடைசியா ஒரு தடவை பேரைக்கூடச் சொல்லல, முருகன்..."

போனை வைத்துவிட்டு ரெக்கார்டிங் பூத்துக்குள் போனார். மைக் முன் உட்கார்ந்து, பழைய சேனலின் பெயரைச் சொல்லி, இத்தனை காலம் பார்த்தவர்களுக்கு நன்றி சொல்லி, விடைபெற்றார். குரல் நடுங்கவே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

"ரெக்கார்ட் பண்ணட்டுமா சார்?"

"வேண்டாம். நீ கேட்டல்ல... போதும்."

என் மனைவி நாகர்கோவிலில். ஃபேமிலி விசா கிடைக்கவில்லை. லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் டெரெக் சார் என் ரூமுக்கு வந்து, காரத்தில் கண்ணில் தண்ணீர் வழிய மீன் குழம்பு சாப்பிடுவார். அவர் ஃபிளாட்டில் டிவியை அணைப்பதே இல்லை. "கதவைத் திறந்தா யாராவது பேசிக்கிட்டு இருக்கணும்ல" என்பார்.

இங்கிலாந்து திரும்பிய பிறகு ஒருமுறை போனில் கூப்பிட்டார். பழைய ஸ்டுடியோவை இடித்து அபார்ட்மென்ட் கட்டுகிறார்களாம்.

"இங்கதான் வேலை பார்த்தேன்னு வாட்ச்மேன்கிட்ட சொன்னேன். 'ஃபிளாட் பார்க்க வந்தீங்களா'ன்னு கேட்டான்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் இப்போது மஸ்கட், ரூவியில். மெசேஜைப் பார்த்துவிட்டு ரூமில் கூடத் தங்கியிருப்பவர்களிடம் சொன்னேன். "யாருண்ணே, உங்க மேனேஜரா?" என்றான் ஒரு தம்பி.

"இல்லப்பா" என்றேன்.

போய் வாங்க, டெரெக் சார்.